கடைசல் சாமானுக்கு மெருகு ஏற்றும் முறை: உப்புத்தாள், அரக்கு, பஃப் சக்கரம்

கடைந்து முடித்த ஒரு சொப்புக் குடத்தைக் காலை வெயில் சாய்வாக விழும் சன்னலோரம் கொண்டுபோய்க் கையில் வைத்து மெல்லச் சுழற்றிப் பார்த்தால், பட்டறையின் மேல்விளக்கில் கண்ணுக்குத் தப்பிய குறைகள் அத்தனையும் வரி வரியாகத் தெரியும். கழுத்து வளைவில் உளி விட்டுப்போன மெல்லிய வட்டங்கள், வயிற்றுப் பகுதியில் உப்புத்தாள் கிழித்த கோடுகள், அடிப்பக்கத்தில் பிய்ந்து நிற்கும் நார் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் அகப்படும். இவற்றின்மேல் எவ்வளவு விலையுள்ள பாலிஷைப் போட்டாலும் அவை மறைவதில்லை. பளபளப்பு கூடக்கூட இன்னும் தெளிவாகத்தான் தெரியும்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்துக் கடைசல் பட்டறையில் நான் கற்ற அரக்கு வேலையையும், பின்னாளில் மோட்டாரும், பஃப் சக்கரம் என்னும் துணிச் சக்கரமும் வாங்கிவைத்துப் பழகியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு முறைகளாகத் தோன்றினாலும் இரண்டையும் ஆள்வது சூடு ஒன்றுதான். அரக்கு இளகி மரத்தில் படிவது உரசலில் பிறக்கும் சூட்டினால். படிந்த அரக்கு வழிந்து கெடுவதும், மரம் வெடிப்பதும், பாலிஷ் பிசுபிசுப்பதும் அதே சூட்டினால்தான். எந்தக் கட்டத்தில் சூடு வேண்டும், எந்தக் கட்டத்தில் அதை அண்ட விடக்கூடாது என்பது கைக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகப் பழகிவிடும்.

மரமும் அதன் ஈரமும்

சொப்புச் சாமானுக்கு இந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற மரம் மஞ்சக்கடம்பு. அதன் நார் நெருக்கமானது, நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆகவே நன்றாகத் தீட்டிய உளி பட்டாலே பாதி மெருகு வந்துவிடும். இப்போது அது எளிதில் கிடைக்காததால் ரப்பர் மரமும் யூகலிப்டஸும் தேக்கின் கழிவுத் துண்டுகளும் பட்டறைக்குள் வந்துவிட்டன. வெட்பாலை, கொய்யா, மஞ்சணத்தி ஆகியவையும் மெருகுக்கு நன்றாக இசையும். தேக்கு, வேம்பு, வாகை ஆகியவற்றின் நுண்துளைகள் பெரியவை என்பதால், கண்ணாடிபோன்ற பளபளப்பு வேண்டுமானால் துளைகளை முதலில் அடைத்தாக வேண்டும். இல்லையென்றால் துளை தெரியும்படியான மெல்லிய மெழுகு மெருகோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், வாகையின் கோடுகளுக்கு இரண்டாவது வழியே அழகு.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூச்சு ஏற்றுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால்தான் பூச்சு பிடிக்கும். ஈட்டி மரத்தின் நிறம் ஸ்பிரிட்டில் கரைந்து, வைரம் பாயாத வெளிர்ப் பகுதியில் பரவி அதை அழுக்காக்கிவிடும். ஆகவே அதற்கு முதல் பூச்சை மிக மெல்லியதாக ஒற்றி எடுத்து, அது நன்றாகக் காய்ந்தபின்தான் தேய்க்கத் தொடங்க வேண்டும்.

மரம் எதுவானாலும் ஈரம் வற்றாமல் மெருகு நிற்காது. பச்சை மரத்தில் ஏற்றிய பூச்சு ஒரு கோடை தாண்டுவதற்குள் மயிரிழை மயிரிழையாக விரிசல் கண்டுவிடும். நான் செய்வது இதுதான்: சாமானின் உருவத்தை வேண்டிய அளவைவிடத் தடிப்பாகக் கடைந்து, நாரின் வெட்டுமுகம் தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்கிவைக்கிறேன். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எடையை அதன்மேலேயே பென்சிலால் எழுதிவருகிறேன். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் அதைக் கடைசலில் மீண்டும் ஏற்றலாம். ஈரமானி வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

உப்புத்தாள் வேலை

மெருகின் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. ஆனால் உப்புத்தாளுக்கும் முன்னால் கடைசி உளி வீச்சு ஒன்று இருக்கிறது. உளியைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு, மரத்தைத் தொடுகிறதா இல்லையா என்னும் அளவுக்கு மெல்லிய சுருளாக ஒருமுறை எடுத்துவிட்டால், 80ஆம் எண் தாளுக்கு (எண் சிறிதாக இருந்தால் தாள் அதிகச் சொரசொரப்பு) வேலையே இராது. பிய்ந்த நாரை உப்புத்தாளால் சரிசெய்யலாம் என்று எண்ணுவது வீண். தாள் மென்மையான இடத்தை வேகமாகவும் கடினமான இடத்தை மெதுவாகவும் அரிக்கும். உருண்டையாக இருந்த குடம் மேடுபள்ளமாகிவிடும்.

120, 180, 220, 320, 400, 600 என்ற வரிசை பெரும்பாலான சாமான்களுக்குப் போதும். அடுத்த தாளின் எண் முந்தையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டக்கூடாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதுமானது. 120இலிருந்து நேரே 320க்குத் தாவினால், 120 போட்ட கோடுகளை 320 அழிப்பதற்கு மும்மடங்கு நேரம் பிடிக்கும். பல நேரம் அழிக்கவே அழிக்காது, கோட்டின் விளிம்பை மட்டும் மழுக்கி மறைத்துவிடும். அப்படி மறைந்த கோடு பூச்சு விழுந்தவுடன் மறுபடியும் எழுந்து வரும்.

கடைந்த வேகத்தில் பாதிக்குக் குறைத்துக்கொண்டு தாளைப் பிடியுங்கள். தாளை மடித்து, சுழலும் மரத்தின் கீழ்ப்பக்கத்தில், அதாவது மரம் உங்களைவிட்டு விலகிச் செல்லும் பக்கத்தில் பிடித்தால், சிக்கினாலும் கையை இழுக்காது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டை முழுவதும் கழற்றி வைத்துவிடுங்கள். விரல் அதற்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்டால் எலும்பு தப்பாது. வேட்டியை மடித்துக் கட்டுபவர்கள் முனையைச் செருகிக்கொள்ள வேண்டும். முழுக்கைச் சட்டை, துண்டு, தொங்கும் சங்கிலி, வளையல் எதுவும் கடைசல் பக்கம் வரக்கூடாது. மரத்தூள் நுரையீரலில் தங்கும் என்பதால் நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்வதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் உண்டாக்கும்.

இந்தக் கட்டத்தில் சூடு பகைவன். தாளைப் பிடித்திருக்கும் விரல் சூடு பொறுக்காமல் விலகினால், மரம் அதைவிடச் சூடாகியிருக்கிறது என்று பொருள். ஒருமுறை கல்யாண வீட்டுச் சீர்வரிசைக்கு என்று புளிய மரத்தில் ஆறு கிண்ணம் ஒப்புக்கொண்டு, நாள் நெருங்கிய பதற்றத்தில் 180ஆம் தாளை அழுத்திப் பிடித்து வேலையை ஓட்டினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. பாலிஷ் போட்டு முடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது, நான்கு கிண்ணங்களில் நாரின் வெட்டுமுகம் வரும் இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களிலும் எறும்புக்கால் போல நுண்ணிய விரிசல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தன. மேற்பரப்பு மட்டும் சூட்டில் சட்டென்று காய்ந்து சுருங்கியதால் வந்த வெடிப்பு அது. அதற்கு மருந்து கிடையாது, அந்த ஆழத்துக்கு மீண்டும் கடைந்தெடுப்பது ஒன்றே வழி. தேய்ந்த தாள் அறுக்காமல் உரசிச் சூட்டை மட்டுமே தரும். தாளில் மிச்சம் பிடிப்பது கடைசியில் மரத்தை இழப்பதில் போய் முடிகிறது.

ஒவ்வோர் எண்ணும் முடிந்தபின் கடைசலை நிறுத்தி, அதே தாளால் நாரின் போக்கிலேயே கையால் சில முறை இழுத்துவிடுங்கள். சுழற்சியில் விழுந்த வட்டக் கோடுகள் இதில்தான் அழியும். பிறகு தூளை நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போக வேண்டும்; முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பரல் அடுத்த தாளுக்கடியில் சிக்கினால் அது போடும் கோடு முழு வேலையையும் கெடுக்கும். 320 முடிந்தவுடன், பிழிந்த ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை துடைத்துக் காயவையுங்கள். அடங்கிக்கிடந்த நார்கள் நிமிர்ந்து, மேற்பரப்பு பூனை நாக்கைப்போலச் சொரசொரப்பாகும். அதை 400ஆம் தாளால் மெல்லத் தடவி எடுத்துவிட்டால் பின்னால் பூச்சின் ஈரத்தில் அவை எழுந்து நிற்கமாட்டா.

எல்லாம் முடிந்தபின், அதே மரத்தைக் கடைந்தபோது விழுந்த சுருள்களில் சுத்தமானவற்றைக் கைநிறைய அள்ளி, சுழலும் சாமானின் கீழ்ப்பக்கம் வைத்து அழுத்துங்கள். சில விநாடிகளில் மரம் தானாகவே பட்டுப்போல மின்னத் தொடங்கும். பின்னால் சொல்லப்போகும் தாழை மடலும் சக்கரமும் இல்லாத வீட்டில்கூடச் செய்யக்கூடிய மெருகு இது. மத்து, பூரிக்கட்டை போன்றவற்றுக்கு நான் பெரும்பாலும் இதன்மேல் காயும் எண்ணெய் மட்டும் ஏற்றி விட்டுவிடுகிறேன்.

அரக்கு ஏற்றுதல்

அரக்கு என்பது புரசு, இலந்தை, குசும் முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து மூடும் பிசின். நம் நாட்டில் அதன் பெரும்பகுதி ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்திலிருந்து வருகிறது. ஏறத்தாழ 65 முதல் 70 பாகை செல்சியஸ் சூட்டில் அது இளகத் தொடங்கி, 80 பாகைக்குள் உருகிவிடும். கடைசலில் அரக்கு ஏற்றும் வேலை முழுவதும் இந்தப் பத்துப் பதினைந்து பாகை இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

அரக்குக் குச்சி செய்வதற்கு, சுத்தம் செய்த அரக்கைக் கரி அடுப்பின் தணலில் காட்டி இளக்கி, நிறப்பொடியை நடுவில் வைத்து, மிட்டாய்க்காரர் பாகை இழுப்பதுபோல இழுத்து மடித்து, மறுபடியும் இளக்கி இழுத்து, நிறம் ஓரிடத்திலும் திட்டாக நிற்காமல் கலக்கும் வரைக்கும் தொடர வேண்டும். பிறகு விரல் தடிப்பில் உருட்டி ஆறவிட்டால் குச்சி தயார். குழந்தைகள் சொப்புச் சாமானை வாயில் வைக்காமல் இருக்கமாட்டார்கள். ஆகவே ஈயம் கலந்த மஞ்சள், சிவப்புப் பொடிகளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது. உணவுக்கு ஏற்றது, அல்லது பொம்மைக்கு ஏற்றது என்று சான்றுள்ள நிறத்தை மட்டும் வாங்குங்கள்.

சுழலும் குடத்தின்மேல் குச்சியின் முனையை அழுத்திப் பிடித்தவுடன் முதலில் ஒரு கீச்சொலி கேட்கும். அரக்கு இன்னும் கட்டியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். இரண்டு மூன்று விநாடியில் அந்த ஒலி தணிந்து, குச்சி மரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் கைக்குத் தெரியும். அப்போது முனையிலிருந்து நிறம் ஒரு பட்டையாகப் படிந்துகொண்டே வரும். அந்தக் கணத்தில் குச்சியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இடமிருந்து வலமாக நிதானமாக நகர்த்த வேண்டும். எனக்குத் தொழில் காட்டிய அண்ணாச்சி என் பக்கத்தில் நின்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “ஏலே, அழுத்தாத. சத்தம் நின்னதும் கை லேசாயிரணும். அரக்கு வழியுது பாரு, அது உன் கைச்சூடு இல்ல, உன் அவசரம்.” நான் “சரி அண்ணாச்சி” என்று சொன்னாலும் கை லேசாவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

சாமான் சிறிதாக இருந்தால் வேகம் அதிகம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குடத்துக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று எனக்கு வசதியாக இருக்கிறது. குறுக்களவு இரட்டித்தால் சுற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். மார்கழி, தை மாதக் குளிர்ந்த காலையில் மரம் சில்லென்று இருந்தால் அரக்கு பிடிக்காமல் திட்டுத்திட்டாகச் சுருளும். அப்போது மடித்த காகிதத்தை மரத்தில் அழுத்திச் சற்றுச் சூடேற்றிக்கொண்ட பிறகு குச்சியைத் தொடுவது நல்லது.

படிந்த அரக்கு இன்னும் மேடுபள்ளமாகவே இருக்கும். அதைச் சமமாகப் பரப்பி மெருகு ஏற்றுவது தாழை மடலின் வேலை. முற்றிய மடலை எடுத்து, இரு ஓரத்திலும் நடுநரம்பின் பின்பக்கத்திலும் உள்ள முள்ளைச் சீவிவிட்டு, நிழலில் உலர்த்தி, விரல் நீளத்துக்கு நறுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். அதன் வழுவழுப்பான பக்கத்தைச் சுழலும் அரக்கின்மேல் சாய்வாக அழுத்தும்போது, உரசலில் அரக்கு மறுபடி இளகி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பரவி, மடல் நகர நகர அதன் பின்னால் கண்ணாடிபோன்ற ஒரு பட்டை விரிந்துகொண்டே வரும். மடல் சூட்டைத் தாங்கும், அரக்கோடு ஒட்டாது, வளைவுக்கு ஏற்ப வளைந்தும் கொடுக்கும். பிளாஸ்டிக் தகட்டையும் மூங்கில் சிராயையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். முன்னது இளகி ஒட்டிக்கொண்டது, பின்னது கோடு போட்டது. தாமிரபரணிக் கால்வாய்க் கரைகளில் தாழம்புதர் இருக்கும் வரைக்கும் எனக்கு வேறொன்று தேவையில்லை.

முதல் படிவம் மிக மெல்லியதாகவும் இரண்டாவது சற்றுக் கூடுதலாகவும் இருக்கட்டும். தடிப்பாக ஏற்றிய அரக்கு கீழே விழுந்தால் சில்லாகப் பெயரும். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து வரும் சாமானில் வெளிர்நிறத்தை முதலில் ஏற்றிவிட்டு அடர்நிறத்துக்குப் போக வேண்டும். மடலையும் நிறத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் ஒருமுறை தடவி, உடனே உலர்ந்த துணியால் எண்ணெயை முழுவதும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ்

மரத்தின் இயல்பான நிறமும் கோடும் தெரிய வேண்டிய கிண்ணம், பேனாத்தண்டு, விளக்குத்தண்டு போன்றவற்றுக்கு நிறக் குச்சி பொருந்தாது. அவற்றுக்கு, மெல்லிய செதில்களாகக் கிடைக்கும் அரக்குத் தகடை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூச வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் தகடு என்ற அளவில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, அவ்வப்போது குலுக்கி, ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் அரக்கு கறுத்துப்போகும். பாட்டிலின்மேல் கரைத்த தேதியை ஒட்டிவையுங்கள்; ஆறு மாதம் கடந்த கரைசல் எவ்வளவு நாளானாலும் முழுதாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஐயமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அரைமணி நேரம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் அந்தப் பாட்டிலைச் சாமானுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஸ்பிரிட்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மெத்தனால் கலந்திருந்தால் நஞ்சும்கூட. சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் பீடி நெருப்பும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

கடைசலிலேயே மெருகு ஏற்றும் கலவை ஒன்று உண்டு. அரக்குக் கரைசல், ஸ்பிரிட், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் சம அளவில் கலந்து, மடித்த காகிதத்தில் தொட்டு, நிற்கும் சாமான் முழுவதும் தடவிவிட்டு, பிறகு மெதுவாகச் சுழலவிட்டு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உரசல் சூட்டில் ஸ்பிரிட் பறந்து, எண்ணெயின் வழவழப்பில் அரக்கு மெல்லிய தோலாக இறுகும். துணி கடைசலில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும், காகிதமானால் கிழிந்துபோகும். எண்ணெய் தொட்ட துணியையோ காகிதத்தையோ கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றில் காயும்போது தானே சூட்டைப் பிறப்பிக்கும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மேற்கே சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அரக்குப் பாலிஷ் வெளுத்துப்போகும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிந்து பால்போன்ற திரையாகிவிடுகிறது. வெறும் ஸ்பிரிட் இம்மியளவு தொட்ட துணிப் பொட்டணத்தால் மெல்ல ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனாலும் அப்படிப்பட்ட நாளில் உப்புத்தாள் வேலையை வைத்துக்கொண்டு, வெயில் தலைகாட்டும் நாளுக்குப் பாலிஷை ஒதுக்குவதே நல்லது.

பஃப் சக்கரம்

பூச்சு நன்றாக இறுகிய பிறகு, துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகு ஏற்றுவது அடுத்த படி. அரக்குப் பாலிஷுக்கு ஒரு வாரமும், ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய சாமானுக்கு இரண்டு மூன்று வாரமும் பொறுத்திருக்கிறேன். மூக்கருகில் கொண்டுபோனால் எண்ணெய் வாடையோ தின்னர் வாடையோ அடித்தால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

சக்கரத்தை எந்த மோட்டாரில் மாட்டுகிறோம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் ஊர் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்களில் ஒரு வகை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்றும், இன்னொரு வகை ஏறத்தாழ 2,880 சுற்றும் சுற்றும். உளி தீட்டும் கிரைண்டர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. எட்டு அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். 1,440 சுற்றில் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 920 மீட்டர் ஓடும், மரத்துக்கு அது போதும். அதே சக்கரத்தைக் கிரைண்டரில் மாட்டினால் 1,840 மீட்டர். அந்த வேகத்தில் பூச்சு இளகிக் கிழிந்துவிடும், சாமானும் கையை விட்டுப் பறந்துவிடும்.

மூன்று சக்கரங்கள் வேண்டும். முதலாவது, கெட்டியான துணியைப் பல அடுக்காகத் தைத்தது. அதில் டிரிப்போலி என்னும் பழுப்பு நிற மெருகுக் கட்டி. இரண்டாவது, சற்று மென்மையானது. அதில் வெள்ளைக் கட்டி. மூன்றாவது, தளர்வான ஃபிளானல். அதில் கார்னாபா மெழுகு மட்டும். ஒன்றில் போட்ட கட்டியை இன்னொன்றில் தொடக்கூடாது. பித்தளை பளபளக்க வைத்த சக்கரத்தை மரத்துக்குப் பயன்படுத்தினால் நார் முழுவதும் கறுப்பு ஏறிவிடும். சுழலும் சக்கரத்தில் கட்டியை ஒரு விநாடி, அதுவும் தொட்டும் தொடாமலும் காட்டினால் போதும்; அதிகமானால் அது மரத்தில் திட்டாக அப்பிக்கொள்ளும். மஞ்சக்கடம்பு, ரப்பர் போன்ற வெளிர்நிற மரத்திலும், துளை அடைபடாத தேக்கு, வேம்பிலும் பழுப்புக் கட்டியைத் தவிர்த்துவிட்டு வெள்ளையிலிருந்து தொடங்குங்கள். துளைக்குள் புகுந்த பழுப்பைப் பிறகு எடுக்க முடியாது.

சக்கரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வரும்படி சுழலட்டும். சாமானை நடுமட்டத்துக்குக் கீழே, முன்பக்கத்தில், இரண்டு கையாலும் பற்றிப் பிடியுங்கள். அங்கே சக்கரம் சாமானைவிட்டு விலகிச் செல்லும் திசையில்தான் வளைவும் விளிம்பும் சாய்ந்திருக்க வேண்டும். கிண்ணத்தின் வாய் விளிம்பைச் சக்கரத்துக்கு எதிர்முகமாக ஒரு மயிரிழை காட்டினாலும் அது கவ்விப் பிடுங்கி எறிந்துவிடும். எனக்கு அப்படி ஒரு ஈட்டிக் கிண்ணம் போயிற்று; சக்கரத்துக்குக் கீழும் பின்னும் பழைய சாக்கை மடித்து விரித்துவைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். சாமானை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருப்பதால் அங்கே மிக லேசாக ஒருமுறை தொட்டுவிட்டு விலகிவிட வேண்டும். குச்சி அரக்கு ஏற்றிய சொப்புச் சாமானை முதல் இரண்டு சக்கரத்துக்கும் கொண்டுபோகவே கூடாது. அந்த உரசலில் அரக்கு இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். தாழை மடல் கொடுத்த மெருகுக்கு மேல் அதற்குச் சக்கரம் ஒன்றும் சேர்த்துவிடப்போவதில்லை.

கார்னாபா பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலைமேல் படியும் மெழுகு. அது 82 முதல் 86 பாகையில் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையிலேயே உருகிவிடும். ஆகவேதான் நம் ஊர்க் கோடையிலும் கார்னாபா கையில் பிசுபிசுப்பதில்லை. ஒரு கடையில் கார்னாபா என்று சொல்லி வாங்கிய கட்டி, முப்பது பேனாத்தண்டுகளை வெயில் நாளில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டது. அது பாரஃபின் கலந்த கட்டி. அதன்பின் வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நல்ல கார்னாபாவில் நகம் பதியாது, ஓரத்தை ஒடித்தால் படீரென்று சில்லாக உடையும். பாரஃபின் கலந்தால் நகத்தின் பிறை அப்படியே பதியும்.

புழக்கத்துக்கு ஏற்ற மெருகு

வீட்டுப் பெரியவர்கள் மரச்சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகாது. மரத்துக்குள் ஈரமாகவே இருந்து, நாளானால் சிக்கு வாடை அடிக்கும், அதன்மேல் வேறு எந்தப் பூச்சும் நிற்காது. விளக்கெண்ணெயும் அப்படியே. இறுகிக் காய்வது ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவைதான். மத்து, கரண்டிக்காம்பு, பூரிக்கட்டை போன்று நாள்தோறும் தண்ணீர் படும் சாமானுக்குக் காயும் எண்ணெயை மட்டும் இரண்டு மூன்று முறை ஏற்றி, நன்றாகக் காயவிடுங்கள். நிறம் மங்கினால் வீட்டிலேயே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அரக்கு ஏற்றிய எதிலும் கொதிக்கும் காப்பியையோ சோற்றையோ வைக்க வேண்டாம். சூட்டில் அது இளகும், சோப்பு நுரையிலும் மங்கும். தூசு படிந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

சாமானைக் கட்டையிலிருந்து அறுத்தெடுத்தபின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெறும் மரமாகவே விடப்படுகிறது. ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். வீணான ஒரு கட்டையில் சாமானின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குப் பள்ளம் கடைந்து, அதில் சாமானைத் தலைகீழாகச் செருகி, அடியையும் 120ஆம் தாளிலிருந்து முறையாகத் தேய்த்து, மேலே ஏற்றிய அதே பூச்சை அங்கேயும் ஏற்றுங்கள். மரத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதுவதாக இருந்தால் கடைசி மெழுகுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். மெழுகின்மேல் மை ஒட்டாது.